வாடகை வீடு கேட்க ஒன்பது தாள் எதற்கு?

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வாடகை வீட்டு உதவிக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவங்க சொல்லி வைத்தார்கள். திருப்பூருக்குப் பிழைக்க வந்த நமக்குக் கட்டுவது இருக்கட்டும், ஒரு வாடகை வீடு பிடிப்பதற்குள்ளேயே பாதி உசுரு போய்விடுகிறது.

இங்கே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல வாடகை வீட்டில் இருக்கிறவங்க கொஞ்சம் கையைத் தூக்குங்க, பார்ப்போம். (பெரும்பாலோர் கை தூக்கினர்.) சரி, இறக்கிக்கோங்க. இப்போ, வாடகை ஒப்பந்தம் எழுத்துல கையில வெச்சிருக்கிறவங்க மட்டும் தூக்குங்க. (நாலைந்து கைகள் மட்டும் உயர்ந்தன.) பார்த்தீங்களா? இன்றைக்கு நாங்கள் பேச வந்ததே இதைப் பற்றித்தான்.

ஒரு சகோதரிக்கு நடந்தது

நம் குழு ஒன்றில் இருக்கும் ஒரு சகோதரிக்கு நடந்ததை முதலில் சொல்கிறோம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவர். வீட்டுக்காரர் இறந்து ஐந்து வருஷம் ஆச்சு. இரண்டு பிள்ளைகள். லைன் வீட்டில் ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை. நாலு வருஷத்தில் மூன்று வீடு மாறிவிட்டார். வாடகை ஏற்றும்போதெல்லாம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

குறைந்த வாடகையில் குடியிருப்பு தருகிறார்கள், விண்ணப்பம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். படிவம் ஆறு பக்கம். கூடவே வைக்க வேண்டிய தாள்களைப் பின் பக்கத்தில் பொடி எழுத்தில் அடித்திருந்தார்கள். ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தக நகல், சொந்த வீடு இல்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் உறுதிமொழி, இப்போது குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம், குடும்பப் புகைப்படம். எண்ணிப் பாருங்க, ஒன்பது.

அவருடைய ஆதாரில் இருப்பது பிறந்த ஊர் முகவரி. குடும்ப அட்டையில் இருப்பது முந்தின லைன் வீட்டு முகவரி. இப்போது குடியிருப்பது மூன்றாவது இடம். "எல்லாத்துலயும் ஒரே முகவரி இருக்கணும்மா, மாத்திட்டு வாங்க" என்றார்கள். மாற்றுவதற்கு இப்போதைய வீட்டின் ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கேட்டால், "அக்ரிமெண்ட் எல்லாம் போடுற வழக்கம் இல்ல. இருந்தா இரு, இல்லாட்டி காலி பண்ணு" என்று பதில்.

ஒப்பந்தம் இல்லாததால் முகவரி மாறவில்லை. முகவரி மாறாததால் விண்ணப்பத்தை வாங்கவில்லை. ஏழு நாள் அலைந்தார். ஏழு ஷிப்டு சம்பளம் போச்சு. கடைசித் தேதியன்று சாயங்காலம் போய் நின்றபோது, "ஒரு தாள் குறையுது" என்று படிவத்தைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கினதற்கு ரசீதும் கிடையாது, வாங்காததற்குக் காரணம் எழுதின துண்டுச் சீட்டும் கிடையாது. எந்தக் கணக்கிலும் அவர் விண்ணப்பித்ததாகவே இல்லை!

யோசித்துப் பாருங்க சகோதரிகளே. நிலையான வீடு இல்லை என்பதால்தான் அவர் வீடு கேட்கிறார். அவரிடம் போய், "நிலையான வீட்டுக்குச் சான்று கொண்டு வா" என்றால் என்ன அர்த்தம்?

யார் மேல் தப்பு?

கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவரைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. பட்டியலில் உள்ளதைத்தான் அவர் கேட்கிறார். எப்போதோ ஒருத்தர் ஏமாற்றியிருப்பார். அதற்காக ஒரு தாளைச் சேர்த்திருப்பார்கள். இன்னொருத்தர் வேறு மாதிரி ஏமாற்றியிருப்பார், இன்னொரு தாள். இப்படித்தான் படிவம் வளர்கிறது. ஏமாற்ற நினைக்கிறவருக்கு இந்த ஒன்பது தாளும் சுலபமாகக் கிடைத்துவிடும். அவருக்கு ஆள் இருக்கிறது, நேரம் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு ஷிப்டுக்குப் போகிறவளுக்குத்தான் கிடைக்காது. ஏமாற்றுகிறவரைத் தடுக்கப் போட்ட வேலி, உண்மையில் தேவைப்படுகிறவளைத் தடுத்து நிறுத்துகிறது.

"இப்போ எல்லாம் ஆன்லைன் ஆகிடுச்சே, சுலபம்தானே" என்று சிலர் சொல்கிறார்கள். ஆன்லைன் ஆக்குவதும் சுலபம் ஆக்குவதும் ஒன்று இல்லை. அதே ஒன்பது தாளை ஸ்கேன் பண்ணி ஏற்றச் சொன்னால் கஷ்டம் கவுண்ட்டரிலிருந்து கம்ப்யூட்டர் சென்டருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். ஓ.டி.பி. மகன் போனுக்குப் போகும். மகன் வேலையில் இருப்பான். அதற்குள் நேரம் முடிந்துவிடும். இது நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற கூத்துதானே!

நம் குழுவில் எப்படிக் கடன் கொடுக்கிறோம்?

சரி, எளிமையாகச் செய்ய முடியுமா என்றால், முடியும். நாமே செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து உள்கடன் எப்படிக் கொடுக்கிறோம்? உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து, "மூத்தவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும், பத்தாயிரம் வேணும்" என்பார். நாலு கேள்வி கேட்போம். தீர்மான நோட்டில் ஒரு பத்தி எழுதுவோம். எல்லாரும் கையெழுத்துப் போடுவோம். முடிந்தது. வருமானச் சான்று கேட்டோமா? இல்லை. அவர் வாராவாரம் கூட்டத்துக்கு வருகிறாரா, சந்தா கட்டுகிறாரா, வாங்கின கடனைத் திருப்பினாரா என்று நம் நோட்டே சொல்லும். கையில் இருக்கிற விவரத்தைத் திரும்பக் கேட்பதில்லை. நம் முறையின் பலமே அதுதான்.

வங்கிகளும் முதலில் நம்மை நம்பவில்லை. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. சொத்து ஜாமீன் இல்லாத பெண்களுக்குக் கடனா என்று கேட்டவர்கள் அப்போது நிறைய. அதன் பிறகும், சேமிப்புக் கணக்கு தொடங்கவே எல்லா உறுப்பினரின் அடையாளச் சான்றையும் கேட்டு அலையவிட்ட காலம் உண்டு. பொறுப்பாளர்களின் சான்று இருந்தால் போதும் என்று 2013-ல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லையே!

இன்னொன்று நினைவிருக்கிறதா? ஒரு நகலில் பச்சை மையில் கையெழுத்து வாங்க கெஜட்டட் ஆபீசரைத் தேடி அலைந்தோமே! எத்தனை நாள் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறோம்! 2014 வாக்கில்தான், நகலில் நாமே கையெழுத்துப் போட்டால் போதும், மூலத்தைக் கடைசியில் காட்டினால் போதும் என்ற முறை பரவலாக வந்தது. அது வரை அது இல்லாமல் எதுவும் நடக்காது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தது எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடைக்காரர்கள் டோக்கனையும் படிவத்தையும் வீட்டிலேயே கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரம் முகாமுக்கு வர வேண்டும் என்று டோக்கனில் இருந்தது. ஆதார், குடும்ப அட்டை, மின் கட்டண விவரம், வங்கிப் புத்தகம் இவற்றைச் சரிபார்க்கக் கொண்டு போனோம். நகல் இணைக்க வேண்டாம், வருமானச் சான்று வாங்க வேண்டாம் என்றார்கள். வருமானம், நிலம், மின்சாரம் என்று நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சரிபார்க்கிற வேலையை அரசு தன்னிடம் இருந்த விவரங்களை வைத்தே செய்தது. நிராகரித்தவர்களுக்குக் காரணம் எஸ்.எம்.எஸ்.-ல் வந்தது, மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தேர்வானார்கள். தகுதி இருந்தும் விட்டுப்போனவர்கள் உண்டு, அதையும் நாம் பார்த்தோம். ஆனால் இத்தனை பேரிடம் ஒன்பது தாள் கேட்காமல் விண்ணப்பம் வாங்க முடியும் என்பது நம் மாநிலத்திலேயே நடந்து காட்டிய விஷயம்.

"அது உதவித் தொகை. வாடகை வீட்டுக்கு இப்படி எங்காவது செய்திருக்காங்களா?" என்று நீங்கள் கேட்கலாம். செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ என்ற ஊர். வாடகை மிக அதிகமான ஊர்களில் ஒன்று. அங்கே முன்பு குறைந்த வாடகை வீடு வேண்டுமென்றால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாகப் படிவம் வாங்கி நிரப்ப வேண்டும். 2016-ல் நகர நிர்வாகம் அதை மாற்றியது. எந்தெந்தக் கட்டடத்தில் வீடு காலி, வாடகை எவ்வளவு, யாருக்குத் தகுதி என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டார்கள். சின்னதாக ஒரே மாதிரிப் படிவம். ஆங்கிலம், ஸ்பானிஷ், சீனம், பிலிப்பினோ என்று நாலு மொழியில். முதலில் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. குலுக்கல் போடுகிறார்கள். குலுக்கலில் முன்னால் வந்தவர்களிடம் மட்டும் சான்றுகளைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள்.

இது நம் ஊருக்கும் பொருந்துமா என்று பாருங்க. நூறு வீட்டுக்கு ஐயாயிரம் பேர் விண்ணப்பித்தால் ஐயாயிரம் பேரும் ஒன்பது தாளுக்காக லீவு போட்டு அலைய வேண்டுமா? முதலில் பெயரையும் விவரத்தையும் வாங்கிக் குலுக்கல் போட்டுவிட்டு, வந்த நூறு பேரிடமும் காத்திருப்பில் உள்ள ஐம்பது பேரிடமும் கேட்டால் போதாதா? அதிகாரிகளுக்கும் ஐயாயிரம் கட்டைப் பிரித்துப் பார்க்கிற வேலை மிச்சம்.

குறைந்த வாடகைக்கு என்ன திட்டங்கள்?

நம் உறுப்பினர்கள் பலர், "அரசு வீடுன்னா பங்குத் தொகை கட்டிச் சொந்தமா வாங்குறதுதானே" என்று நினைக்கிறார்கள். வாடகைக்கென்றும் திட்டம் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கில் வெளியூர்த் தொழிலாளர்கள் வாடகை கொடுக்க வழியில்லாமல் மூட்டை முடிச்சோடு ஊருக்கு நடந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். அந்த ஆண்டு ஜூலையில்தான் மத்திய அரசு குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசுப் பணத்தில் ஏற்கெனவே கட்டிக் காலியாகக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு விடுவது ஒரு வழி. கம்பெனிகளும் மற்ற நிறுவனங்களும் தங்கள் நிலத்தில் கட்டி வாடகைக்கு விடுவது இன்னொரு வழி.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் நாலு பிரிவுகள் வைத்தார்கள். அதில் ஒன்று வாடகை வீடு. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பங்களும், 3 முதல் 6 லட்சம் வரை உள்ள குடும்பங்களும் இந்த வாடகைப் பிரிவில் வருகின்றன. சொந்தமாக வீடு வாங்க முடியாதவர்கள், வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள், வேலை பார்க்கும் பெண்கள் இவர்களுக்காக வந்த பிரிவு இது.

நம் மாநிலத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் வந்தன. 2023-ல் கூடுவாஞ்சேரியில் திறந்தார்கள், வேறு பல ஊர்களிலும் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. நம் பெண் பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது இதெல்லாம் உதவும். ஆனால் விடுதி என்பது தனியாக இருக்கும் பெண்ணுக்கு. பிள்ளைகளோடு இருக்கும் நம் சகோதரிக்கு வேண்டியது வீடு. குடும்பத்துக்கான வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் எப்போது வரும், எங்கே வரும், என்ன கேட்கும் என்று ஒரே இடத்தில் தெரிவதில்லை. யாரோ சொல்லித்தான் தெரிகிறது. யாரோ என்றால் பெரும்பாலும் புரோக்கர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "பத்தாயிரம் கொடுங்க, வீட்டை எழுதி வாங்கித் தர்றேன்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீங்க. குடும்ப அட்டையின் மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீங்க. படிவம் சிக்கலாக இருக்கிற வரைதான் புரோக்கருக்குப் பிழைப்பு. அதை எளிமையாக்கினால் அவர் தானாகப் போய்விடுவார்.

ஒரு கசப்பான விஷயம்

இப்போது சொல்லப் போவது கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கோங்க.

அந்தச் சகோதரிக்கு ஒப்பந்தம் எழுதித் தர மறுத்த வீட்டுக்கார அம்மா யார் தெரியுமா? அவரும் நம் கூட்டமைப்பில் ஒரு குழு உறுப்பினர்தான். குழுக் கடன் வாங்கித்தான் அந்த லைன் வீட்டில் இரண்டு அறை சேர்த்துக் கட்டினார். குற்றம் சொல்ல நாங்கள் இதைப் பேசவில்லை. நம்மில் பலர் வாடகைக்கு இருக்கிறோம், சிலர் வாடகைக்கு விடுகிறோம். அரசுப் படிவத்தைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்த ஒன்பது தாளில் கிடைக்காமல் போன ஒரு தாள் நம்மிடமிருந்து வர வேண்டிய தாள் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டாமா?

அந்த அம்மாவிடம் போய்ப் பேசினோம். அவருக்குப் பயம். "எழுதிக் கொடுத்தா, ரேஷன் கார்டை இந்த விலாசத்துக்கு மாத்திக்கிட்டு, வீடே என்னோடதுன்னு சொல்லிட்டா என்ன பண்றது?" என்றார். பல வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் பயம்தான் இது. ரேஷன் கார்டு முகவரி யாருக்கும் சொத்துரிமை தராது. "நான் வாடகைக்கு இருக்கிறேன், வீடு இவருடையது" என்று குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டுத் தருவதுதானே ஒப்பந்தம்? அதைவிடப் பெரிய பாதுகாப்பு வீட்டுக்காரருக்கு வேறு என்ன இருக்கிறது?

சட்டமும் இதையே சொல்கிறது. வீட்டுக்காரர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 1960-ல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை:

வாடகைக்கு விடுவது எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடு இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர் அந்த அதிகாரி. 90 நாளுக்குள் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு பதிவு எண் தருவார்கள். "பதினோரு மாச அக்ரிமெண்ட்டுதானே" என்று இதை விட்டுவிடக் கூடாது.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. "வேறு மாதிரி" என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

காலி செய்த பிறகு, கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, மீதி முன்பணத்தை ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும்.

வாடகை கொடுத்தால் ரசீது கேட்கலாம். அது நம் உரிமை.

ஒப்பந்தம் கைக்கு வராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஆதாரில் முகவரி மாற்ற, ஆதார் ஆணையத்தின் படிவத்தில் மாநகராட்சி கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார் போன்றவர்கள் கையெழுத்திட்டுத் தரும் சான்றையும் பயன்படுத்தலாம். இந்தச் சகோதரிக்கு முன்பே இது தெரிந்திருந்தால் ஏழு நாள் அலைந்திருக்க மாட்டார். அவருக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எங்களுக்கும் தெரியவில்லை.

நாம் செய்யப் போவது

குழுவில் பேசி மூன்று வேலைகளை முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம்.

முதலாவது, வீட்டுப் பை. வாடகைக்கு இருக்கும் ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் எல்லாச் சான்றுகளின் நகலும் இரண்டு செட், வாடகை ரசீதுகள், முகவரி எதில் எப்படி இருக்கிறது என்று ஒரு சீட்டு. விண்ணப்பம் வந்த பிறகு தேட ஆரம்பித்தால் கடைசித் தேதி போய்விடும். குழுக் கூட்டத்தில் மாதம் ஒரு முறை பையைத் திறந்து பார்ப்போம். எது குறைகிறதோ அதை அடுத்த மாதத்துக்குள் வாங்குவோம்.

இரண்டாவது, ஞாயிறு உதவி நேரம். சனிக்கிழமை நமக்குச் சம்பள நாள். ஞாயிறுதான் லீவு. அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கூட்டமைப்பு அலுவலகத்தில் எங்களில் இரண்டு பேர் இருப்போம். படிவம் நிரப்ப, போட்டோ ஏற்ற, விண்ணப்ப எண்ணைக் குறித்து வைக்க உதவுவோம். காலேஜ் படிக்கும் நம் பெண் பிள்ளைகள் நாலு பேர் கம்ப்யூட்டரில் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு பக்க ஒப்பந்தம். தமிழில், எளிமையாக, ஒரே பக்கத்தில் மாதிரி ஒப்பந்தம் தயார் செய்கிறோம். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை மாதம், தண்ணீர், கரண்டு யார் கட்டுவது. அவ்வளவுதான். வீடு வாடகைக்கு விடும் நம் உறுப்பினர்கள் முதலில் இதை எழுதித் தர வேண்டும் என்று தீர்மானம் போடலாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நாம் கேட்கப் போவது

நம் பங்கை நாம் செய்துவிட்டு, அரசிடமும் கேட்போம். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்க மனு எழுதியிருக்கிறோம். ஐந்தே ஐந்து கோரிக்கை.

1. குறைந்த வாடகை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே படிவம், இரண்டு பக்கத்துக்குள், தமிழில். எங்கே, எத்தனை வீடு, வாடகை எவ்வளவு, கடைசித் தேதி எது என்பதை ரேஷன் கடையிலும் வார்டு அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

2. விண்ணப்பிக்கும்போது குடும்ப அட்டை எண்ணும் ஆதார் எண்ணும் மட்டும். மற்ற சான்றுகளைத் தேர்வானவர்களிடம் மட்டும் கேட்க வேண்டும். அவற்றைக் கொண்டு வரக் குறைந்தது 30 நாள் கொடுக்க வேண்டும்.

3. அரசே கொடுத்த தாளை நம்மிடம் திரும்பக் கேட்க வேண்டாம். கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளட்டும்.

4. முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் இல்லாதவர்களிடம் குழுவின் தீர்மான நகலை ஏற்க வேண்டும். வாராவாரம் வருகைப் பதிவு எடுக்கிறோம். யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதற்கு நம் நோட்டைவிடப் பெரிய சாட்சி என்ன?

5. விண்ணப்பம் வாங்கினால் எண் போட்ட ரசீது. நிராகரித்தால் எழுத்தில் காரணமும் மேல்முறையீட்டுக்கு நாளும். குலுக்கல் எல்லார் முன்னாலும்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். படிவத்தை எளிமையாக்கினால் வீடு கூடிவிடாது. விண்ணப்பிக்கிறவர்கள்தான் கூடுவார்கள். நம்மில் பலருக்குக் குலுக்கலில் வராமல் போகும். ஆனால் எத்தனை பேருக்கு வீடு வேண்டும் என்ற உண்மையான கணக்கு அப்போதுதான் அரசுக்குத் தெரியும். கையிலேயே திருப்பிக் கொடுத்த படிவம் எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராதவர்களுக்காக யாரும் வீடு கட்ட மாட்டார்கள். அதனால்தான் இது வெறும் தாள் பிரச்சினை இல்லை என்று சொல்கிறோம்.

கடைசியாக, அந்தச் சகோதரி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். குறைந்த வாடகை வீடு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கார அம்மா, நாங்கள் மூன்றாவது முறை போனபோது, "சரி, எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார். ஒப்பந்தம் போட்டாச்சு. ஆதாரில் முகவரி மாறியாச்சு. குடும்ப அட்டைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த விண்ணப்பம் எப்போது வந்தாலும் அவர் வரிசையில் நிற்பார், பை தயாராக இருக்கிறது. அந்த வீட்டுக்கார அம்மாவும் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்க! (கைதட்டல்)

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பார்கள். அந்த வளையைக் கேட்பதற்காவது ஒரு நேர் வழி வேண்டும். அந்த வழியை நாம் சேர்ந்து போடுவோம். மனுவில் கையெழுத்துப் போடாமல் யாரும் சாப்பாட்டுக்குப் போக வேண்டாம். நோட்டு வாசல் பக்கத்தில் இருக்கிறது.